தொப்புளில் வைக்கும் சங்கு

அன்று காலை பிரசவ வார்டை ஒட்டிய சின்ன அறையில் இருந்தவர்கள்: வார்டுக்குப் பொறுப்பான எஸ்தர் சிஸ்டர். டாக்டரம்மா. பிள்ளையின் தாய் ஜெனிட்டா. தகப்பன் சூசை, கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். ஜெனிட்டாவின் அண்ணன் மிக்கேல். ஆயா சேசம்மா, அதாவது நான். மேசைமேல் பிள்ளை. ஆண். பிறந்து ஆறு நாள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் பழைய அலமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அட்டைப் பெட்டியில் தேதி முடிந்த டியூப்கள் கிடந்தன.

"இது என்னக்கா? தொப்புள்ல ஒண்ணுமே வைக்கக் கூடாதுன்னுதான எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவள் படித்தது சரிதான். நாங்கள் வைத்ததும் சரிதான். இரண்டும் எப்படிச் சரி என்று நின்றபடி சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். என் படிப்பு எட்டாம் வகுப்பு. பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

இருபத்திரண்டு வயதில் சேர்ந்தேன். முதலில் தரை துடைக்கிற வேலை. பிறகு துணி அவிக்கிற வேலை. அதற்குப் பிறகு பிரசவ அறைக்குள் விட்டார்கள். முதல் பத்து வருஷத்தில் நான் கற்றது இரண்டு. கை கழுவுவது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது. தொப்புள் கொடியை நூலால் கட்டிய காலம் அது. நூலைக் கொதிக்கவைப்பது என் வேலை. பிறகு பிளாஸ்டிக் கிளிப் வந்தது. தொப்புளுக்கு ஊதா மருந்து வைத்தார்கள், ஸ்பிரிட் வைத்தார்கள். பிறகு ஒன்றும் வேண்டாம், சுத்தமாகக் காய்ந்தால் போதும் என்று மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குள் அது சரியாக இருந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் இல்லை.

எங்கள் கரையில் தொப்புளைச் சும்மா விடமாட்டார்கள். சிலர் மஞ்சள் வைப்பார்கள். சிலர் பவுடர் போடுவார்கள். சங்கு குளிக்கிற வீடுகளில் சங்கு வைப்பார்கள். தகப்பன் குளித்து எடுத்த சங்கில் ஒரு துண்டை, கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, அந்த வெள்ளை விழுதைக் கொடி விழும் வரை தினம் ஒரு தடவை தடவ வேண்டும். தடவுகிறவன் தாய்மாமன். வேறு யாரும் தொடக் கூடாது.

அதற்குக் காரணம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனுக்கு மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று போகும். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கிறவன் பெண்டாட்டியின் அண்ணனாகவோ தம்பியாகவோ இருப்பான். கூடப்பிறந்தவள் தாலியை நினைத்து அவன் குழாயை விடமாட்டான் என்பது கணக்கு. தகப்பனின் குழாயைப் பிடிக்கிற கைதான் பிள்ளையின் கொடியையும் தொட வேண்டும் என்பார்கள். என் இரண்டு மகன்களுக்கும் என் தம்பிதான் வைத்தான். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருவன் துறைமுகத்தில், ஒருவன் துபாயில்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அமையவில்லை. தொப்புள் சிவந்து, நாற்றமெடுத்து, பால் குடிக்காமல் சில பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். டாக்டரம்மா எழுதிக் கேட்டு அந்த டியூபை வரவழைத்தார். குளோர்ஹெக்சிடின் என்று பெயர். எங்கள் வாயில் நுழையவில்லை. தொப்புள் மருந்து என்றோம். டாக்டரம்மா எங்களை நிற்கவைத்துச் சொன்னது இதுதான். ஒன்றும் வைக்காத ஊரில் ஒன்றும் வேண்டாம். எதையாவது வைக்கிற ஊரில், அதை விட்டுவிட்டு இதை வைக்க வேண்டும். நர்ஸ் பிள்ளை கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். மீதி, அந்தப் பதிலை நான் எப்படிக் கற்றேன் என்பது.

எஸ்தர் சிஸ்டர் சாயர்புரத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு விஷயத்தை ஒரு தடவை சொல்வார். இரண்டாம் தடவை சொல்லமாட்டார். கை கழுவும்போது பக்கத்தில் வந்து நிற்பார், நம் கையைப் பார்க்கமாட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். வளையல், மோதிரம் எல்லாம் கழற்ற வேண்டும். கல்யாண மோதிரமும்தான். விரல் இடுக்கு, நகக்கண், பெருவிரல், மணிக்கட்டு, முழங்கை வரை. ஒருநாள் கழுவிய கையை நான் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டேன். சிஸ்டர் சுத்தமாக இருந்த தன் கையை மறுபடியும் குழாயில் கழுவினார். அவித்த துண்டில் துடைத்தார். இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினார். நானும் மறுபடி கழுவினேன். அதற்குப் பிறகு சேலைத் தலைப்பு என் கைக்கு வரவில்லை.

மருந்து வைக்கும் முறை இது. பிள்ளை பிறந்ததும் துடைத்துத் தாயின் நெஞ்சில் போடுவோம். கொடியில் துடிப்பு நிற்கும் வரை காத்திருப்போம். இரண்டு இடத்தில் கிளிப் போட்டு நடுவில் புது பிளேடால் அறுப்பார்கள். ரத்தம் கசிகிறதா என்று பார்ப்போம். பிறகு மருந்து. முதலில் அறுத்த முனை. பிறகு தண்டு, மேலிருந்து கீழாக. பிறகு அடிமடிப்பு, அதில்தான் அழுக்கு தங்கும். பிறகு சுற்றித் தோல். துடைக்கக் கூடாது. காயும் வரை துணி போடக் கூடாது. துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்ட வேண்டும். கண்ணில் பட்டுவிடக் கூடாது. அடுத்த ஆறு நாளும் தினம் ஒரு தடவை. இதை வைத்தால் கொடி விழ இரண்டு மூன்று நாள் கூட ஆகும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்ப வேண்டும்.

டியூபைக் கையில் கொடுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. "வீட்டுல தொப்புள்ல என்ன வைப்பீங்க?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது சிஸ்டர் போட்ட சட்டம். ஒண்ணும் வைக்கமாட்டீங்கல்ல என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சும்மா நின்றால் சொல்வார்கள். சில பேர் சொல்ல வெகுநேரம் ஆகும். நிற்க வேண்டும். வந்த பதிலை வீட்டுக்கு அனுப்பும் தாளில் எழுத வேண்டும். ஒன்றுமில்லை என்றால் அந்தக் கட்டத்தில் டிக். கேட்பது ஆயா வேலை, எங்களிடம்தான் மனதில் உள்ளதைச் சொல்வார்கள் என்று சிஸ்டர் என்னிடம் கொடுத்திருந்தார்.

ஜெனிட்டாவுக்கு அது முதல் பிள்ளை. சுகப் பிரசவம். பிள்ளை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் மிக்கேல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தான். சூசை ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான், அதிகம் பேசமாட்டான்.

"ஏலே மிக்கேலு, பெத்தவள விட நீதாம்லே எளச்சிட்ட. ஒனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லட்டா?" என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள்.

"போடச் சொல்லுங்க மைனி. எம் மருமவன் வெளிய வாரதுக்குள்ள எனக்குல்லா இடுப்பு வலி வந்துட்டு."

வார்டே சிரித்தது. சூசையும் சிரித்தான்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் அன்று நான்கு பேர் போனார்கள். நான்கு கட்டில் துணி மாற்ற வேண்டும், உள்ளே ஒரு பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மிக்கேலிடம் டியூபைக் கொடுத்தேன். கை கழுவுவதைச் செய்து காட்டினேன். அவனையும் கழுவவைத்தேன். மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். தினம் ஒரு தடவை, கொஞ்சமாகப் போதும், கண்ணில் படக் கூடாது என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான்.

கேள்வியைக் கேட்கவில்லை. கட்டத்தில் டிக் போட்டேன்.

வேலை மும்முரம் என்று சொல்லலாம். அது பொய். ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும். அவன் எங்கள் தெருக்காரன். என்ன வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி கேட்கக் கூச்சமாக இருந்தது. என் பிள்ளைகளுக்கு வைத்ததை அவன் மருமகனுக்கு வைக்காதே என்று சொல்ல அதைவிடக் கூச்சம். மருந்துதான் கொடுத்தாயிற்றே, அதை வைத்தால் இதை விட்டுவிடுவான் என்று நானே முடிவு செய்தேன்.

பிள்ளை பிறந்த ஆறாம் நாள் காலை திரும்பி வந்தார்கள்.

"நேத்து ராத்திரியில இருந்து பால் குடிக்கல சிஸ்டர்," என்றாள் ஜெனிட்டா. "அழவும் மாட்டேங்கான்."

சிஸ்டர் துணியை விலக்கினார். தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. சிவப்பு வயிற்றில் மேலேறியிருந்தது. கொடியின் அடியில் சீழ். நாற்றம் எனக்கே தெரிந்தது. காய்ந்த கொடியில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

சிஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிள்ளையின் பக்கத்தில் வைத்தார். வயிற்றைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினார். முழுதாக ஒரு நிமிஷம்.

"எழுபத்தெட்டு," என்றார்.

பிறந்த பிள்ளைக்கு அறுபதுக்குள் இருக்க வேண்டும். டாக்டரம்மா முதல் ஊசியைப் போட்டார். தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். ரத்தத்தில் கிருமி போயிருக்கிறது, பிழைப்பான் என்று உறுதி சொல்ல முடியாது என்று சூசையிடம் சொன்னார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சிஸ்டர் மிக்கேலைப் பார்த்துத் திரும்பினார்.

"மருந்து போட்டீங்களா?"

"போட்டேன் சிஸ்டர். ஒரு நாளும் விடல."

"கை கழுவினீங்களா?"

"சோப்புப் போட்டுக் கழுவினேன். சேசம்மாக்கா காட்டின மாதிரி. மோதிரத்தக் கழத்தி வச்சிட்டேன்."

"யார் போட்டது?"

"நாந்தான். வேற யாரும் தொடல."

"மருந்த எங்க போட்டீங்க?"

"கல்லுல," என்றான் மிக்கேல்.

சிஸ்டர் சும்மா நின்றார். அவன் தானாகச் சொன்னான்.

"சங்கு ஒரைக்குத கல்லுல சிஸ்டர். எப்பவும் தண்ணி விட்டுத்தான் ஒரைப்போம். தண்ணியில அழுக்கு இருக்கும்லா. அதான் தண்ணிக்குப் பதிலா மருந்த விட்டு ஒரைச்சேன். நீங்க சொன்னதையும் விடல. எங்க மொறையையும் விடல."

அவன் முகத்தில் ஒளிவு இல்லை. நல்லது செய்தவன் முகம்தான் அது. சொல்லி முடித்த பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

சூசை அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டான்.

"அண்ணன ஒண்ணும் நெனைக்காதிய," என்றாள் ஜெனிட்டா. "நாந்தான் பிள்ளையப் பிடிச்சுக் குடுத்தேன்."

ஆம்புலன்ஸில் தாயும் தகப்பனும் போனார்கள். மிக்கேலுக்கு இடமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

சிஸ்டர் மேசை முன்னால் உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்திருந்த அந்தத் தாளை எடுத்தார். நான் எதிரில் நின்றேன்.

"சிஸ்டர், நான் கேக்கல."

"தெரியும்."

"டிக் நான் போட்டது."

"கேட்டிருந்தா இதுல டிக் இருக்காது சேசம்மா. சங்குன்னு எழுதியிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"செருப்பப் போடுங்க. அந்தக் கல்லப் பாக்கணும்."

மிக்கேல் வீடு கடற்கரைக்கு முதல் வரிசை. தேடாமல் கல்லை எடுத்து வந்தான். உள்ளங்கை அகலம், கருங்கல், நடுவில் உரைத்து உரைத்துப் பள்ளம். சிஸ்டர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கத்தி தீட்டின தடம்.

"இது என்ன கத்தி?"

"சங்குச் சதை எடுக்குத கத்தி சிஸ்டர்."

சிஸ்டர் கல்லை மோந்து பார்த்தார். என்னிடம் கொடுத்தார். நானும் மோந்தேன். அழுகின சதை வாடை.

"சங்கு சுத்தம் சிஸ்டர். கடலுக்கடியில கெடந்தது," என்றான் மிக்கேல்.

"சங்கு சுத்தமா இருந்தாலும் வைக்கக் கூடாது. கொடி அறுத்த இடம் பச்சைப் புண்ணு. அது காயுத வரைக்கும் பிள்ளையோட ரத்தத்துக்கு வழி தொறந்து கெடக்கு. கல்லுல இருக்கது எல்லாம் நேரா உள்ள போகும். மருந்து தோலுல நின்னு தடுக்கும். கல்லுல விட்டா கல்லோட அழுக்கத்தான் கரைக்கும்."

"கல்ல ஒடச்சிரட்டா?"

"வேண்டாம். கத்தி தீட்டுங்க. பிள்ள பக்கத்துல கொண்டுபோகாதீங்க."

சிஸ்டர் வெளியே இறங்கினார். நான் நின்றேன்.

"நான் ஒங்கிட்டக் கேட்டிருக்கணும் மிக்கேலு. என்ன வைப்பியன்னு. கேக்கல."

அவன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா. மறைக்க என்ன இருக்கு." கல்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "பிள்ளைக்கு என் கையால ஏதாச்சும் ஆயிட்டுன்னா, சூசை எப்படிக்கா என்ன நம்பிக் கீழ எறங்குவான்?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு சிஸ்டர் பின்னால் இறங்கினேன்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டார்கள். வேலை இல்லாத நேரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். வராந்தாவின் ஒரு முனையில் சூசை உட்கார்ந்திருப்பான், மறு முனையில் மிக்கேல். படகு கரையில் கிடந்தது. ஐந்தாம் நாள் சூசை இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை என்னிடம் கொடுத்தான். ஒன்றை அவன் குடித்தான். மிக்கேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் டீயைக் குடிக்கவில்லை. அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. ஆறிப்போயிற்று.

அந்த நாட்களில்தான் சிஸ்டர் முறையை மாற்றினார். டியூபைக் கொடுத்துச் சொல்லி அனுப்புவதோடு விடவில்லை. தாய்மாமன் யார் என்று கேட்டு உள்ளே கூப்பிட்டோம். அவனைக் கை கழுவவைத்து, எங்கள் கண் முன்னால் அவன் விரலாலேயே முனை, தண்டு, அடிமடிப்பு, சுற்றித் தோல் என்று வைக்கச் சொன்னோம். மாமன் தொட வேண்டும் என்பது அவர்கள் முறை. தொடட்டும். சங்கும் கல்லும் மட்டும் வேண்டாம். சங்கு குளிக்கிற வீட்டுக்காரர்கள் அதை ஒத்துக்கொண்டார்கள். முதல் மாமன்காரனுக்கு விரல் நடுங்கியது. "கீழ இருக்கவன் குழாயப் பிடிக்கப்ப நடுங்கலையே, இதுக்கு ஏன்லே நடுங்குத," என்று அவன் தங்கச்சி கட்டிலில் இருந்தபடி கேட்டாள். கேள்வியை நான் ஒரு தடவைகூட விடவில்லை. எங்கள் தெருவாக இருந்தாலும், என் சொந்தத் தம்பி மகளாக இருந்தாலும் கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை அனுப்பிய மூன்றாம் நாள் எங்களிடம் காட்ட வந்தார்கள். முதலில் ஜெனிட்டா பிள்ளையோடு உள்ளே வந்தாள். பின்னால் சூசை. மிக்கேல் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டான்.

சிஸ்டர் துணியை விலக்கினார். கொடி விழுந்துவிட்டது. தொப்புள் காய்ந்து உள்ளே அமுங்கியிருந்தது. தோல் தோலின் நிறத்தில் இருந்தது. பால் குடிக்கிறான், ராத்திரி அழுகிறான் என்றாள் ஜெனிட்டா. எடை பார்த்தோம், சூடு பார்த்தோம். மூச்சு எண்ண வேண்டியது பாக்கி. சிஸ்டர் கடிகாரத்தைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"நீங்க எண்ணுங்க சேசம்மா."

நான் கை நீட்டினேன். சூசை பேசினான். அவனாக வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சிஸ்டர், மச்சான் எண்ணட்டும்."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"நான் தண்ணிக்குள்ள கெடக்கயில மேல வார குமிழிய அவன்தான் எண்ணுவான். கொறஞ்சா இழுத்துருவான். இத்தன வருசமா தப்புனதில்ல." வாசல் பக்கம் திரும்பினான். "ஏ மச்சான். உள்ள வா."

மிக்கேல் வந்தான். நேராகக் குழாய்க்குப் போனான். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவித்த துண்டில் துடைத்துவிட்டு மேசைக்கு வந்தான். பிள்ளையைத் தொடவில்லை. குனிந்து வயிற்றைப் பார்த்தான். சிஸ்டர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்ப," என்றார்.

அவன் உதடு மட்டும் அசைந்தது. நானும் மனதுக்குள் எண்ணினேன். வெளியே ஒரு லாரி போனது. ஜெனிட்டா மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். சூசை மிக்கேலுக்குப் பக்கத்தில், தோள் படும்படி நின்றான்.

"போதும்," என்றார் சிஸ்டர்.

மிக்கேல் நிமிர்ந்தான். என்னைப் பார்த்து எண்ணைச் சொன்னான். என் கணக்கும் அதுதான்.

ஐம்பத்திரண்டு.